பெயர் எழுதாத ஏடுகளும் பெயர் தைத்த பையும்: ஆப்பிரிக்க-அமெரிக்கர்கள் முன்னோரைத் தேடும் வழி

அமெரிக்காவில் 1860-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அடிமை முறை இருந்த மாநிலங்களுக்கென்று ஒரு தனிப் படிவம் உண்டு. அடிமை அட்டவணை என்று அதற்குப் பெயர். முதலில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அப்புறம் வரிசை வரிசையாக இப்படி எழுதியிருப்பார்கள்: வயது 35, பெண், கறுப்பு. வயது 12, ஆண், கலப்பு. வயது 9, பெண், கறுப்பு. மிகச் சில இடங்களைத் தவிர, அந்த மனிதர்களின் பெயர் எங்குமே இல்லை. அப்போது அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். அத்தனை பேரையும் எண்ணிய அரசு, அவர்கள் பெயரைக் கேட்கவில்லை.

இன்று அங்கே வாழும் ஒரு கறுப்பினக் குடும்பம் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று பின்னோக்கிப் போகும்போது, 1870 வரை எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்விடலாம். விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயரோடு பதிவு செய்த முதல் கணக்கெடுப்பு அந்த ஆண்டில்தான் நடந்தது. அதற்கு முந்தைய காலத்தைக் கேட்டால் அரசு ஏடுகள் வாய் திறப்பதில்லை. வம்ச வரலாறு தேடுகிறவர்கள் இதை ‘1870 சுவர்’ என்று சொல்கிறார்கள்.

அந்தச் சுவரைத் தாண்ட உதவும் வழிகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்த பொருட்களைச் சாட்சியாக வைத்து முன்னோரைத் தேடுவது எப்படி?

பரம்பரைப் பொருள் என்றதும் நகை, வெள்ளிப் பாத்திரம் என்று நினைக்க வேண்டாம். சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையே மறுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களிடம் அப்படிப்பட்டவை அரிது. அவர்களிடம் இருப்பவை பைபிள், ஒட்டுத்துணிப் போர்வை, வார்ப்பிரும்புச் சட்டி, இரும்புத் தகட்டில் எடுத்த பழைய புகைப்படம், சங்கத்து ரிப்பன், இன்ஷூரன்ஸ் பத்திரம், சாவு வீட்டில் கொடுத்த அச்சுத்தாள். சில குடும்பங்களில் ஒரு பாட்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. விலைக்குப் போட்டால் பல பொருட்கள் ஒன்றும் பெறாது. ஆனால் அரசு எழுத மறுத்த ஒரு பெயரோ ஊரோ உறவோ இவற்றில் ஒளிந்திருக்கலாம். அதை வெளியே கொண்டுவர ஒரு முறை இருக்கிறது.

ஒரு பருத்திப் பை

இந்த முறையைப் புரிந்துகொள்ள ‘ஆஷ்லியின் பை’யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2007-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் பக்கம், பழைய பொருட்கள் விற்கும் சந்தை ஒன்றில் ஒரு பெண்மணி துணிக்குவியலை வாங்கினார். அதற்குள் மாவோ விதையோ போட்டுவைக்கும் சாதாரணப் பருத்திப் பை ஒன்று கிடந்தது. கிழிசல்களை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். அதன் மேல் நூலால் பூத்தையல் போட்ட எழுத்துகள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: என் கொள்ளுப்பாட்டி ரோஸ், ஆஷ்லியின் தாய். தென் கரோலினாவில் ஆஷ்லியை 9 வயதில் விற்றபோது இந்தப் பையை அவளிடம் கொடுத்தாள். இதில் ஒரு கந்தல் கவுன், 3 கைப்பிடி பீக்கன் கொட்டை, ரோஸின் கூந்தலில் ஒரு பின்னல் இருந்தன. இது எப்போதும் என் அன்பால் நிறைந்திருக்கும் என்று சொன்னாள். அதன் பிறகு அவள் மகளைப் பார்க்கவே இல்லை. ஆஷ்லி என் பாட்டி. கடைசியில் கையெழுத்துப் போல: ரூத் மிடில்டன், 1921.

படித்தவுடன் நெஞ்சு கனக்கிறது. அதோடு நின்றுவிட்டால் அது கதையாகத்தான் இருக்கும். வரலாறாக மாற, பையிடம் கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சில வரிகளில் என்னென்ன தகவல்கள் கிடைக்கின்றன? மூன்று பெயர்கள், ஒரு மாநிலம், ஒரு வயது, ஒரு ஆண்டு, யார் யாருக்கு என்ன உறவு. என்ன கிடைக்கவில்லை? உரிமையாளரின் பெயர், விற்ற ஆண்டு, ஊர்.

மார்க் ஆஸ்லாண்டர் என்ற மானுடவியலாளர் இங்கிருந்துதான் தேடத் தொடங்கினார். ரோஸ் என்ற பெயர் அந்தக் காலத் தென் கரோலினாவில் எங்கும் இருந்தது. அதை மட்டும் வைத்துத் தேடினால் கடலில் ஊசி தேடுவதுதான். ஆனால் ஆஷ்லி என்பது அடிமைப் பெண்களுக்கு மிக அரிதாக இருந்த பெயர். ஆகவே ரோஸும் ஆஷ்லியும் ஒரே உரிமையாளரின் ஏடுகளில் சேர்ந்து வருகிறார்களா என்று பார்த்தார். சார்ல்ஸ்டன் நகரத்து வணிகர் ராபர்ட் மார்ட்டின் 1852-இல் இறந்தார். அவருடைய சொத்துகளை மதிப்பிட்ட பட்டியலில், நகரத்து வீட்டில் ஒரு ரோஸும் பார்ன்வெல் வட்டாரத்துப் பண்ணையில் ஓர் ஆஷ்லியும் இருந்தார்கள். ஆஷ்லியின் பெயருக்கு எதிரே 300 டாலர் என்று விலை. உரிமையாளர் செத்தால் சொத்தைப் பிரிப்பார்கள், விற்பார்கள். குடும்பங்கள் சிதறியது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பை சொன்ன கதையும் இந்தப் பட்டியலும் பொருந்துகின்றன.

மறுமுனையில் ரூத்தையும் தேடினார். 1900-களின் தொடக்கத்தில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் பிறந்து, பின்னர் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த பெண் அவர். அவருடைய தாயின் பெயர் ரோசா. பாட்டி, பூட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் பழக்கமானதுதானே. பெயர் திரும்ப வருவதே நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் தேடுகிறவர் அதைக் குறித்துவைத்துக்கொள்வார்.

இந்த அடையாளம் மிகவும் சாத்தியமானது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முழு நிச்சயம் என்று சொல்வதில்லை. அந்தக் கவனம் முக்கியம். ரூத் ஊசியைக் கையில் எடுத்தபோது, அந்த விற்பனை நடந்து ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஓடியிருந்தன. ஆஷ்லி சொல்லி, அடுத்தவர் கேட்டு, ரூத் எழுதியது அது. இருந்தும் ‘3 கைப்பிடி’ என்ற அளவு அத்தனை ஆண்டுகளிலும் தேயாமல் வந்திருக்கிறது. எந்த ஏல ஏட்டிலும் அது இருக்க வழியில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கடைசியாக என்ன கொடுத்தனுப்பினாள் என்பதைக் குடும்பம் மட்டும்தான் காப்பாற்றியிருக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1890 கணக்கெடுப்பின் ஏடுகள் வாஷிங்டனில் 1921 ஜனவரியில் பிடித்த தீயில் பாழாயின, எஞ்சியவற்றையும் பின்னர் அழித்துவிட்டார்கள். தப்பியது மிகச் சொற்பம். விடுதலைக்குப் பிறகு பிறந்த முதல் தலைமுறை வளர்ந்து குடும்பமான காலத்தைச் சொல்லும் ஏடுகள் அவை. அதே 1921-இல்தான் ரூத் இந்தப் பையில் எழுதினார்.

பொருளை எப்படி விசாரிப்பது

எல்லோரிடமும் இப்படி ஒரு பை இருக்காது. பைபிள் இருக்கும். தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். தென் கரோலினாவில் 1834-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஆகவே விடுதலைக்குப் பிறகு எழுத்தறிந்த முதல் ஆள், குடும்ப பைபிளின் நடுவில் இருக்கும் வெற்றுப் பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று எழுதிவைத்தது சின்ன விஷயமே இல்லை.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும் தேதிகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளத்தான் கை போகும். அதற்கு முன், பைபிளின் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். பைபிள் 1882-இல் அச்சானது, முதல் பிறப்பு 1841 என்று எழுதியிருக்கிறது என்றால், அந்தப் பதிவு நடந்தபோது எழுதியதாக இருக்க முடியாது. அடுத்து மையையும் கையெழுத்தையும் பாருங்கள். முதல் பத்துப் பெயர்களும் ஒரே மையில், ஒரே கையில், ஒரே சாய்வில் இருந்தால், யாரோ ஒருவர் ஒரே உட்காரலில் நினைவிலிருந்தோ பழைய தாளிலிருந்தோ எழுதியிருக்கிறார். பதினோராவது பெயரிலிருந்து மை மாறுகிறது, எழுத்து மாறுகிறது என்றால், அங்கிருந்துதான் நடக்க நடக்க எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவற்றின் தேதி ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு தேடினால் போதும்.

பைபிளில் பக்கம் கிழிந்திருந்தால் அதுவும் ஒரு துப்பு. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில், வடக்கின் ஒன்றியப் படையில் ஏறக்குறைய 1,79,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய விதவைகள் பென்ஷன் கேட்டபோது, திருமணத்துக்கும் பிள்ளைகளின் வயதுக்கும் அரசு ஆதாரம் கேட்டது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டமே ஏற்காத காலத்தில் சான்றிதழுக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தாரை அழைத்துச் சாட்சி சொல்லவைத்தார்கள். சிலர் பைபிள் பக்கத்தைக் கிழித்தே அனுப்பினார்கள். அந்தக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாட்சி சொன்னவர்கள் எந்தப் பண்ணையில் ஒன்றாக வளர்ந்தோம், யார் யாரை எப்போது மணந்தார் என்றெல்லாம் விரிவாகப் பேசியிருப்பார்கள். என்னைக் கேட்டால், 1870-க்கு முன்னால் போக நினைக்கும் குடும்பம், படைவீரர் யாராவது உண்டா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

புகைப்படத்தில் முகத்தைப் பார்க்கும் முன் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் புகைப்படங்களுக்கு வரி உண்டு. விற்கும்போது பின்னால் வரி முத்திரைத் தலை ஒட்டுவார்கள். அந்த முத்திரை இருந்தால் படம் அந்த இரண்டு ஆண்டுக்குள் எடுத்தது என்று கணிக்கலாம். விடுதலை வந்த காலமும் அதுதான். டின்டைப் என்ற இரும்புத் தகட்டுப் படங்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். இடைவாரின் கொக்கியில் எழுத்து திரும்பித் தெரிகிறதா, சட்டைப் பொத்தான் தப்பான பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் ‘எங்கள் பூட்டன் இடதுகைக்காரர்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் அச்சாகியிருந்தால், அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகங்களில் அந்தக் கடை எந்தெந்த ஆண்டுகளில் இருந்தது என்று தேடலாம். தெற்கு நகரங்களின் முகவரிப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ ஒற்றை எழுத்தோ போட்டுவைத்தார்கள். இழிவாகப் போட்ட குறி, இன்று தேடுகிறவருக்கு அடையாளமாக உதவுகிறது.

சங்க ரிப்பன்களை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் தங்களுக்குள் பரஸ்பர உதவிச் சங்கங்களை ஏராளமாக நடத்தினார்கள். நோய்க்கு உதவி, சாவுக்குச் செலவு, விதவைக்குப் பணம். ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1880-களின் தொடக்கத்தில் உருவான மொசைக் டெம்ப்ளர்ஸ் சங்கத்தைத் தொடங்கிய இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். உறுப்பினர்களுக்குக் கல்லறைக் கல்லும் அந்தச் சங்கம் தந்தது. அந்தக் காலத்துச் சங்கங்களின் ரிப்பன் பல இரண்டு முகம் கொண்டவை. ஒரு பக்கம் பளிச்சென்ற வண்ணம். ஊர்வலத்துக்கு அதை வெளியே காட்டிக் குத்திக்கொள்வார்கள். திருப்பினால் கறுப்பு, சக உறுப்பினரின் சாவுக்கு. இரண்டிலும் கிளையின் பெயர், எண், ஊர் அச்சாகியிருக்கும்.

அந்த ஊர்ப்பெயர் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். சிகாகோவில் ஒரு கொள்ளுப்பாட்டியின் பெட்டியில் ரிப்பன் கிடைக்கிறது. குடும்பம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தெற்கிலிருந்து வந்தோம் என்று மட்டும் தெரியும். 1910-களிலிருந்து 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். கிளம்பிய ஊரின் பெயர் பல வீடுகளில் இரண்டு தலைமுறைக்குள் மறந்துபோனது. ரிப்பனில் ஆர்க்கன்சாவின் ஒரு சிற்றூர் இருக்கிறது. சரி, அந்த ஊரின் 1900 கணக்கெடுப்பில் குடும்பப் பெயரைத் தேடலாம். 1890 அழிந்துவிட்டதால் 1880-க்குத் தாவ வேண்டும். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று முதலில் எழுதியது 1880-இல்தான், அதனால் அங்கே மகன், மாமியார், பேத்தி எல்லாம் தெளிவாகும். அதிலிருந்து 1870. அங்கே அக்கம்பக்கத்து வீடுகளையும் படிக்க வேண்டும். விடுதலையானவர்களில் நிறையப் பேர் பழைய பண்ணைக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அருகில் நிலமுள்ள வெள்ளைக் குடும்பங்கள் யார் யார் என்று குறித்துக்கொண்டு, 1860 அடிமை அட்டவணையில் அவர்கள் பெயருக்குக் கீழே, நம் ஆட்களின் வயதைவிடப் பத்து ஆண்டு குறைந்த ஆண், பெண் இருக்கிறார்களா என்று ஒப்பிட வேண்டும். அதன் பிறகு அந்தக் குடும்பங்களின் உயில், சொத்துப் பட்டியல்.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ‘இவர்தான் உரிமையாளர்’ என்று முடிவுகட்டக் கூடாது. சிலர் கடைசி உரிமையாளரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சிலர் அதற்கும் முந்தைய உரிமையாளரின் பெயரை, அது தங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்த பெயர் என்பதற்காக. சிலர் தாங்களே பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமம் போன்ற சில இடங்களில் இந்தத் தொடர்பு நேராகத் தெரியும். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பெட்வே என்ற பெயர். 1840-களில் அந்தப் பண்ணையை வாங்கி, ஆட்களை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கூட்டிவந்தவரின் பெயர் அது.

அதே ஜீஸ் பெண்ட் பெண்கள் தைத்த போர்வைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையாகவும் வெளியிட்டது. அந்த ஊர்ப் போர்வைகளில் ஒன்று 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண் தைத்தது. கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் உடுத்திய வேலைத் துணிகளைப் பிரித்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள என்று செய்தார். கால்சட்டையின் முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும், பை பிரித்த இடத்தில் பழைய நீலம் அப்படியே நிற்கும். இப்படி ஒரு போர்வை வீட்டில் இருந்தால் துவைத்துவிடாதீர்கள்! அந்தக் கறையும் வெளுப்பும்தான், அதை உடுத்தியவர் மண்டியிட்டு வேலை செய்தவர் என்று சொல்லும்.

பொருளே இல்லாதபோது

சில குடும்பங்களுக்கு மிஞ்சியது கைப்பழக்கமும் வாய்ப்பாட்டும்தான். தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில் வாழும், அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் புல்லைச் சுருளாகச் சுற்றித் தைக்கும் கூடைகளுக்குப் பேர்போனவர்கள். கரண்டிக் காம்பைத் தட்டையாக்கியோ எலும்பைச் சீவியோ ஊசிபோல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு கோத்துத் தைப்பார்கள். இவற்றில் மிகப் பழைய வகை நெல் புடைக்கும் அகலத் தட்டு. நம் முறத்தின் வேலையைத்தான் அது செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலும் இதே சுருள் தையலில் கூடை செய்கிறார்கள். நெல் பயிரிடத் தெரிந்தவர்களைத் தேடி வாங்கிய பண்ணையார்கள், அவர்களோடு இந்தக் கைவேலையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ஒரு கூடையை வைத்து ‘எங்கள் பாட்டி இந்த இனத்தவர்’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று அது காட்டும்.

பாட்டின் கதை இன்னும் வியப்பானது. 1930-களின் தொடக்கத்தில் மொழியியலாளர் லொரென்சோ டவ் டர்னர், ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி பாடிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அமீலியாவுக்குச் சொற்களின் பொருள் தெரியாது. வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டு. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று பின்னர் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து மானுடவியலாளர் ஜோசப் ஒப்பாலாவும் இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட்டும் அதைப் பின்தொடர்ந்தார்கள். பாட்டில் இருந்த ஒரு சொல் ஒரு குறிப்பிட்ட வட்டார வழக்கு என்று தெரியவந்து, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் பைண்டு ஜபாட்டி என்ற பெண் அதைக் கேட்டதும் கூடவே பாடினார். அவருக்கு அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்த இறுதிச் சடங்குப் பாட்டு அது. அமீலியாவின் மகள் மேரி மோரன் 1997-இல் அந்தக் கிராமத்துக்கே போனார். ஏட்டிலும் கல்லிலும் இல்லாத ஒரு தொடர்பை, அர்த்தம் தெரியாமலே தாயும் மகளும் பாடிக்கொண்டிருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அழகான கதைகளிடம் கொஞ்சம் கவனம்

ஒட்டுத்துணிப் போர்வைகளைப் பற்றி ஒரு கதை பரவலாக இருக்கிறது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, போர்வையின் வடிவங்களில் ரகசியக் குறிகளைத் தைத்து வேலியில் காயப்போட்டார்கள் என்று. 1990-களின் இறுதியிலிருந்து அமெரிக்கப் பள்ளிகளில்கூட இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் தப்பி வந்தவர்கள் எழுதிவைத்த நூல்களிலோ, அடிமையாக இருந்த 2,300-க்கும் மேற்பட்டோரிடம் 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்று எடுத்த பேட்டிகளிலோ இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை.

இப்படிப்பட்ட கதை ஒரு பாட்டியின் போர்வையோடு ஒட்டிக்கொண்டால், உண்மையான தகவல் அதற்கடியில் புதைந்துபோகும். யார் தைத்தார், எந்த ஆலைத் துணி, எந்த ஆண்டின் அச்சு, யாருடைய கல்யாணத்துக்கு என்ற கேள்விகளை அப்புறம் யாரும் கேட்பதில்லை. பாட்டி சொன்னதை மறுக்க வேண்டாம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவைத்து, பொருளில் கண்ணால் கண்டதைத் தனியாக, ஏட்டில் கிடைத்ததைத் தனியாக எழுதுங்கள். மூன்றையும் கலக்காமல் வைத்திருந்தால், பின்னால் வரும் பேரப்பிள்ளை தானே பார்த்துத் தீர்மானிப்பார்.

ஒப்பிட உதவும் ஏடுகள்

அடிமைகளாக இல்லாத கறுப்பினத்தவர்களும் தெற்கில் இருந்தார்கள். வர்ஜீனியாவில் அவர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் பதிவு செய்து, உயரம், நிறம், உடல் தழும்பு வரை எழுதிய சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். லவுடன் வட்டாரத்தின் ஜோசப் டிராமெல், 1852-இல் பெற்ற தன் சான்றை வைக்கத் தானே ஒரு தகர டப்பா செய்துகொண்டார். சான்று தொலைந்தால் யாரும் பிடித்து விற்றுவிடலாம் என்ற காலம். குடும்பம் அந்த டப்பாவைத் தலைமுறைகளாகக் காப்பாற்றியது. இப்போது அது வாஷிங்டனில் 2016-இல் திறந்த ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்தால், அதன் மூலப் பதிவு அந்த வட்டார நீதிமன்ற ஏட்டிலும் இருக்கக்கூடும்.

மற்றவர்களுக்கு முக்கியமானவை இரண்டு. 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலையானோர் நலத்துறையின் கூலி ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் ஒன்று. 1865-இல் தொடங்கி 1874-இல் நொடித்துப்போன ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்கு ஏடுகள் இன்னொன்று. அந்த வங்கி கவிழ்ந்ததில் ஏழைகளின் சேமிப்பு கரைந்துபோனது பெரும் துரோகம். ஆனால் கணக்குத் தொடங்க வந்தவரிடம் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சில கிளைகளில் பழைய எஜமானரின் பெயரையும் பண்ணையையும்கூட. இவை இரண்டும் இன்று இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை 1870-களின் இறுதியிலிருந்து, பிரிந்த உறவுகளைத் தேடும் கடிதங்களை வெளியிட்டது. போதகர்கள் அவற்றைத் தேவாலயங்களில் உரக்கப் படித்தார்கள். என் தாயின் பெயர் இது, அண்ணன்மார் இவர்கள், இன்னாரிடம் விற்றார்கள் என்று ஒவ்வொரு கடிதமும் சிறு வம்சவரலாறு. அவையும் இணையத்தில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டுக்கு, சாவுச் சடங்கில் கொடுக்கும் அச்சுத்தாளைப் போல உதவுவது வேறில்லை. தெற்கின் பல செய்தித்தாள்கள் கறுப்பினத்தவரின் இறப்புச் செய்தியைப் போடாத காலத்தில், பிறந்த ஊர், சேர்ந்த சபை, முன்பே இறந்த உறவுகள், உயிரோடு இருக்கும் உறவுகள் என எல்லாமே இந்தத் தாளில்தான். பைபிளுக்குள் செருகி வைத்திருப்பார்கள். ஜார்ஜியாவில் அட்லாண்டா, அகஸ்டா நூலகங்கள் இவற்றை ஆயிரக்கணக்கில் சேகரித்து இணையத்தில் ஏற்றியிருக்கின்றன.

பொருளைத் தொடும் முன் சில விஷயங்கள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை, பெட்டி எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். வீட்டுப் பெரியவரிடம் வெறுமனே ‘பழைய கதை சொல்லுங்கள்’ என்று கேட்பதைவிடப் பொருளை அவர் கையில் கொடுத்து, ‘இது எந்த அறையில் இருந்தது, யார் தொட விடமாட்டார்கள்?’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும்.

தேடல் ஒரு கட்டத்தில் உரிமையாளர் குடும்பத்தின் வாசலில் போய் நிற்கும். அது மனதுக்குக் கடினமான இடம். ஆனால் அவர்களுடைய பரணிலும் பரம்பரைப் பொருட்கள் உண்டு: பண்ணைக் கணக்கு நோட்டுகள். யாருக்கு எத்தனை கெஜம் துணி, யாருக்குச் செருப்பு, யாருக்குக் கம்பளி என்று பெயர் பெயராக, பல நோட்டுகளில் தாயும் பிள்ளைகளுமாகச் சேர்த்தே எழுதியிருப்பார்கள். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட ஏடுகள் பெருமளவில் சேர்ந்திருக்கின்றன. இன்னும் வீடுகளில் கிடப்பவற்றைக் கணக்கிட வழியில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இப்போது தாங்களாகவே முன்வந்து அவற்றை ஸ்கேன் செய்து பொதுவில் வைக்கிறார்கள். ஒரு நோட்டில் கம்பளி வாங்கிய வரிசையில் வரும் பெயரும், ஒரு பைபிளின் முதல் பத்துப் பெயர்களும் ஒன்றாக நிற்கும்போது, வயதும் நிறமும் மட்டும் எழுதிய 1860 அட்டவணையில் அந்த வரி யாருடையது என்று தெரிந்துவிடும்.